எல்லை கடந்த இருப்புப் பாதை

சென்னையில் மாலை வண்டி ஏறினால் மறுநாள் காலை ஐதராபாத்தில் இறங்கிவிடலாம். இடையில் எவரும் நம் பெட்டியைத் திறந்து பார்ப்பதில்லை. கையிலுள்ள பணத்தை மாற்றிக்கொள்ள வேண்டியதும் இல்லை. ஆயினும், நேயர்களே, இதே பிரயாணம் ஒரு காலத்தில் அயல்நாட்டு யாத்திரையைப் போன்றதாக இருந்தது. ஒரே வண்டியில் அமர்ந்திருந்தவர் இரண்டு அரசாங்கங்களின் ஆணைக்குள் மாறி மாறிப் புகுந்து செல்ல வேண்டியிருந்தது.

நிஜாம் அரசர்கள் ஆண்ட ஐதராபாத் சமஸ்தானம் ஏறத்தாழ 82,000 சதுர மைல் பரப்புடையது. கடற்கரை அதற்கு இல்லை. சென்னை, பம்பாய் மாகாணங்களும் மத்திய மாகாணமும் அதைச் சூழ்ந்து நின்றன. தக்கணத்தின் நடுவே அமைந்திருந்தமையால், அந்நாட்டைத் தொடாமல் சென்னைக்கும் பம்பாய்க்கும் நேரான இருப்புப் பாதை இடுவது அரிது. சென்னை ரயில்வேயின் பாதையும், பம்பாயிலிருந்து வந்த கிரேட் இந்தியன் பெனின்சுலா ரயில்வேயின் பாதையும் 1871ஆம் ஆண்டில் ராய்ச்சூரில் ஒன்றுகூடின. ராய்ச்சூரோ நிஜாமுக்குரிய ஊர். சென்னையிலிருந்து புறப்பட்ட வண்டி துங்கபத்திரையின் பாலத்தைக் கடந்ததும் அயல் அரசின் மண்ணில் ஓடத் தொடங்கும். பின்னர்க் கிருஷ்ணையையும் தாண்டி, குல்பர்காவுக்கு அப்பால்தான் மீண்டும் பிரிட்டிஷ் இந்தியாவை அடையும்.

இந்தப் பெரும் பாதையில் உள்ள வாடி என்னும் சிற்றூரிலிருந்து செகந்திராபாத்துக்குக் கிளைப்பாதை ஒன்று 1874ஆம் ஆண்டு அக்டோபர் மாதத்தில் திறக்கப்பட்டது. அதற்கு ஏற்பாடு செய்தவர் புகழ்பெற்ற திவான் முதலாம் சாலார் ஜங். பணம் நிஜாம் அரசுடையது. ஆனால் பாதை வேண்டுமென்று வற்புறுத்தியது பிரிட்டிஷ் துரைத்தனம். காரணம் வெளிப்படை. 1798ஆம் ஆண்டு உடன்படிக்கையின்படி நிஜாம் நாட்டில் ஆங்கிலப் படை தங்கியிருந்தது; அப்படையின் பாளையமாகவே செகந்திராபாத் எழுந்தது. படைகளை விரைந்து கொண்டுவர வண்டி வேண்டும் அல்லவா? ஆனால் தானியமும் பருத்தியும் ஏற்றிச் செல்லும் அதே தண்டவாளம் பீரங்கியையும் ஏற்றி வரும் என்பதைச் சாலார் ஜங் அறியாதவர் அல்லர்.

அக்காலத்தில் சென்னையிலிருந்து ஐதராபாத்துக்குச் செல்லும் ஒரு வணிகர் எவற்றையெல்லாம் முன்கூட்டி எண்ணிப் பார்க்க வேண்டும்? குண்டக்கல், ராய்ச்சூர் வழியாக வாடிக்குச் சென்று அங்கே வண்டி மாற வேண்டும். அடுத்தது நாணயம். சமஸ்தானத்தில் ஆலி சிக்கா என்னும் தனி ரூபாய் வழங்கியது. 6 பிரிட்டிஷ் ரூபாய்க்கு ஏறத்தாழ 7 ஆலி சிக்கா ரூபாய் என்பது பிற்காலத்தில் நிலைத்த கணக்கு. மூன்றாவது சுங்கம். நிஜாம் அரசு நூற்றுக்கு 5 வீதம் வரி வாங்கலாம் என்பது 1802ஆம் ஆண்டு வர்த்தக உடன்படிக்கை அளித்த உரிமை. கரோடுகிரி என்று பெயர் பெற்ற சுங்க இலாகா அவ்வரியைத் தண்டியது. கடிதம் எழுதுவதற்குக்கூட அந்நாட்டின் தபால் தலை வேறு.

வாடிப் பாதையைக் கிழக்கே நீட்ட வேண்டும் என்ற திட்டம் எழுந்தபோது பெரும் பூசல் விளைந்தது. சாலார் ஜங் 1883ஆம் ஆண்டு பிப்ரவரியில் காலமானார். அவ்வாண்டிலேயே லண்டனில் அமையும் ஒரு கம்பெனியிடம் ரயில்வேயை ஒப்படைக்கும் பேச்சு முற்றியது. கம்பெனியின் முதலுக்கு 20 ஆண்டுகளுக்கு நூற்றுக்கு 5 வட்டி தருவதாக நிஜாம் அரசு உத்தரவாதம் அளிக்க வேண்டும். லாபம் வந்தால் பங்குதாரருக்கு. குறைந்தால் சமஸ்தானத்தின் குடிகள் தலையில். இத்திட்டத்தின் விவரங்களை மக்கள் முன் வைக்க வேண்டும், ஆராய அவகாசம் தர வேண்டும் என்று கற்றோர் சிலர் குரல் எழுப்பினர். அவர்களுள் முதன்மையானவர் அகோரநாத் சட்டோபாத்தியாயர். எடின்பரோவில் விஞ்ஞானப் பட்டம் பெற்றுக் கல்லூரித் தலைவராக இருந்தவர். கவிக்குயில் சரோஜினி தேவியாரின் தந்தை. கணக்கைக் காட்டுங்கள் என்று கேட்டதற்குப் பரிசாக, 1883ஆம் ஆண்டு மே மாதத்தில் அவர் சமஸ்தானத்தை விட்டே வெளியேற்றப்பட்டார். பின்னர்த் திரும்பி வர அவருக்கு அனுமதி கிடைத்தது. திட்டமோ நிறைவேறிவிட்டது. பாதை 1889ஆம் ஆண்டில் பெஜவாடாவை எட்டியது. சிங்கரேணி நிலக்கரிக்கு வெளியுலகம் செல்ல வழி கிடைத்தது என்பதையும் நாம் மறக்கலாகாது.

இனி, மற்றொரு வினா. வண்டி ஓடும் நிலம் யாருடையது? தண்டவாளம் கிடந்த நிலத்தின் மீது நீதி செலுத்தும் அதிகாரத்தை நிஜாம் பிரிட்டிஷாருக்கு விட்டுக்கொடுத்திருந்தார். ஆகவே, நிலையத்துக்கு வெளியே நிற்பவருக்கு ஒரு சட்டம். மேடையில் கால் வைத்தவருக்கு வேறு சட்டம். சங்கர்பள்ளி நிலையத்தில் நிஜாமின் குடிமகன் ஒருவர் கைது செய்யப்பட்டார். குற்றம் ரயிலில் நடந்ததன்று. கைதுக்கு ஆணை பிறப்பித்தது தொலைவிலுள்ள சிம்லாவின் நீதிபதி. வழக்கு லண்டனிலிருந்த பிரிவி கவுன்சில் வரை சென்றது. ரயில்வே நிலம் இன்னும் நிஜாமின் நாட்டுப் பகுதியே. பிரிட்டிஷார் பெற்ற அதிகாரம் ரயில்வேயைப் பொறுத்த அளவினதே. ஆதலின் இந்தக் கைது செல்லாது என்று 1897ஆம் ஆண்டில் தீர்ப்பாயிற்று. வலியோர் எளியோரிடம் பெற்ற உரிமைக்கும் ஓர் எல்லை உண்டு என்பதை, வலியோரின் நீதிமன்றமே ஒப்புக்கொண்ட நிகழ்ச்சி இது.

1930ஆம் ஆண்டில் நிஜாம் அரசு கம்பெனியிடமிருந்து ரயில்வேயை வாங்கித் தன் உடைமையாக்கிக் கொண்டது. 1947ஆம் ஆண்டில் இந்தியா விடுதலை பெற்றபோது ஐதராபாத் தனித்து நின்றது. பழைய எல்லைக்கோடு அப்போது நெருப்புக் கோடாக மாறியது. 1948ஆம் ஆண்டு மே மாதத்தில் பம்பாய்–சென்னைப் பாதையிலுள்ள கங்காபூர் நிலையத்தில் வண்டி தாக்கப்பட்ட செய்தி நாடெங்கும் கலக்கத்தை உண்டாக்கியது. அவ்வாண்டு செப்டம்பரில் ஐதராபாத் இந்தியாவுடன் இணைந்தது. 1950ஆம் ஆண்டில் இந்திய ரூபாய் அங்கே புழக்கத்துக்கு வந்தது. 1951ஆம் ஆண்டு நவம்பர் 5ஆம் நாள் நிஜாம் ரயில்வே மத்திய ரயில்வேயில் கலந்தது. 1966ஆம் ஆண்டு அக்டோபர் 2ஆம் நாள் தென் மத்திய ரயில்வே தோன்றியபோது செகந்திராபாத்தே அதன் தலைமையிடமாயிற்று. அயலார் படைக்கென இடப்பட்ட பாதையின் முனையில் இருந்த ஊர், ஒரு பெரும் ரயில்வேக்கு நடுநாயகமானது.

தண்டவாளம் தானாக நாடுகளை இணைத்துவிடுவதில்லை. அதற்குப் பணம் கொடுப்பவர் யார், கணக்குக் கேட்கும் உரிமை யாருக்கு, அதன்மேல் செல்லும் சட்டம் எது என்னும் மூன்று கேள்விகளுக்கும் குடிமக்கள் விடை கூறும் நாளில்தான் பாதை மெய்யாகவே பொதுவழி ஆகிறது. துங்கபத்திரைப் பாலத்தை இன்று நாம் உறக்கத்தில் கடந்து போகிறோம். அந்த உறக்கம் நமக்கு எளிதில் வாய்த்ததன்று.