ரெண்டு இன்கிரிமென்ட்டும் ஒரு எம்.ஏ.வும்

வாத்தியார் வீட்டுப் பிள்ளைகளுக்கு 'இன்சென்டிவ்' என்ற வார்த்தை ரொம்பப் பழக்கம். நான் வேலை பார்க்கும் சாஃப்ட்வேர் உலகத்தில் அதுக்கு ஆயிரம் அர்த்தம். தமிழ்நாட்டு ஆசிரியர் வீட்டில் ஒண்ணே ஒண்ணுதான்: வேலையில் இருந்துகிட்டே மேற்கொண்டு ஒரு பட்டம் வாங்கினால் சம்பளத்தில் கூடும் ரெண்டு இன்கிரிமென்ட். ஆபீஸ் பாஷையில் 'ஊக்க ஊதிய உயர்வு'. இது எப்போ வந்துச்சு, எப்படிப் போச்சுன்னு பார்ப்போம்.

ஆரம்பம் 10.1.1969. கல்வித்துறை அரசாணை எண் 42. முதல்வர் அண்ணா. அடுத்த மாதம் 3ஆம் தேதி அவர் மறைந்துவிட்டார். அதுக்கு முந்தைய பத்துப் பதினைந்து வருஷத்தில் காமராஜர் காலத்துப் பள்ளிக்கூடங்கள் ஊர் ஊராக முளைத்திருந்தன. எஸ்.எஸ்.எல்.சி. முடிச்சு, ஆசிரியர் பயிற்சி பெற்று வேலைக்கு வந்தவர்கள் ஏராளம். இவர்களை மேலே படிக்கவைக்க ஒரு தூண்டில் வேண்டியிருந்தது என்பது என் கணிப்பு.

தூண்டில் சரி, படிக்க எங்கே போறது? வேலையை விட்டுட்டுக் கல்லூரிக்குப் போக முடியாதே. 1971ல் மதுரைப் பல்கலைக்கழகம் (காமராசர் பெயர் 1978ல்தான் சேர்ந்தது) அஞ்சல்வழிக் கல்வி ஆரம்பிச்சது. 1979ல் அண்ணாமலைப் பல்கலைக்கழகமும் தொலைதூரக் கல்வி இயக்ககம் தொடங்கியது. அரசாணையும் தபால் பெட்டியும் சேர்ந்த பிறகுதான் விஷயம் சூடு பிடிச்சது.

இடைநிலை ஆசிரியர் பி.ஏ. முடிச்சா ஒரு ஊக்க ஊதியம், பி.எட். முடிச்சா இன்னொண்ணு. பட்டதாரி ஆசிரியருக்கு எம்.ஏ. அல்லது எம்.எஸ்ஸி., அப்புறம் எம்.எட். துறையிடம் முன் அனுமதி வாங்கிட்டுத்தான் சேரணும். எங்க அம்மா எம்.ஏ. படிச்சது இப்படித்தான். ராத்திரி பாத்திரம் கழுவி முடிச்சு, என் கணக்கு நோட்டுக்குப் பக்கத்திலேயே அவங்க பாடப் புத்தகம். கோடை விடுமுறையில் நேர்முக வகுப்பு. வீட்டில் ரெண்டு பேருக்குப் பரீட்சை ஜுரம் :-)

காசு எவ்வளவு? 2017 ஊதியத் திருத்தத்தில் பட்டதாரி ஆசிரியரின் தொடக்க அடிப்படைச் சம்பளம் 36,400 ரூபாய். ஒரு இன்கிரிமென்ட் 3 சதவீதம். ரெண்டுன்னா மாசம் சுமார் 2,200. பெரிய தொகையாத் தெரியாது. ஆனா இது கூட்டுவட்டி மாதிரி. அகவிலைப்படி இதன் மேலேயும் கணக்காகும், அடுத்த வருஷ இன்கிரிமென்ட்டும் இதையும் சேர்த்துத்தான். 2003 ஏப்ரலுக்கு முன்னாடி வேலைக்குச் சேர்ந்தவங்களுக்கு ஓய்வூதியத்திலும் எதிரொலிக்கும். இருபது வருஷ சர்வீஸ் பாக்கி இருக்கிறவருக்குக் கணக்கு லட்சங்களில் போகும்.

51 வருஷம் ஓடிய இந்த ஏற்பாடு 10.3.2020 அன்னிக்கு நின்னுது. பணியாளர் மற்றும் நிர்வாகச் சீர்திருத்தத் துறை அரசாணை எண் 37: உயர் கல்வித் தகுதிக்கு முன்கூட்டிய இன்கிரிமென்ட் இனி கிடையாது. ஆசிரியர்கள் மட்டுமில்லை, அரசு ஊழியர் எல்லாருக்கும். ஏற்கெனவே வாங்கிக்கிட்டிருந்தவங்க சம்பளத்தில் கை வைக்கலை. ரெண்டே வாரத்தில் கொரோனா ஊரடங்கு வந்ததால் வெளியில் பலருக்கு இது தெரியவேயில்லை. 2021ல் மாற்றாக வந்தது, ஒரே தடவை கொடுத்து முடிச்சுடுற மொத்தத் தொகை. அது சம்பளத்தில் ஏறாது. ஏறாததால் வளரவும் வளராது.

விளைவு என்னன்னா, ஒரே ஆசிரியர் அறையில், ஒரே பட்டம் வாங்கின ரெண்டு பேர். ஒருத்தர் 2019ல் முடிச்சார், இன்னொருத்தர் 2020 மே மாசம். சம்பளச் சீட்டில் ஓய்வு பெறும்வரை வித்தியாசம்.

எம்.ஏ. வாங்கினா நல்லா பாடம் நடத்திடுவாங்களான்னு கேட்பீங்க. நியாயமான கேள்வி. இன்கிரிமென்ட்டுக்காக மட்டும் பட்டம் வாங்கினவங்களையும் நான் பார்த்திருக்கேன். ஆனா அதுக்குப் பதில், பாடத்துக்குச் சம்பந்தமான பட்டத்துக்கு மட்டும்னு விதியை இறுக்குறது. கதவையே சாத்துறது இல்லை. எங்க நிறுவனங்களில் ஒரு சர்டிஃபிகேஷன் முடிச்சா பரீட்சைக் கட்டணத்தையே கம்பெனி கட்டுது. ராத்திரி கண்விழிச்சுப் படிக்கிற ஆசிரியைக்கு மாசம் 2,200 ரூபாய் அதிகம்னு எனக்குத் தோணலை.