கொதிகலன் கற்பித்த பாடம்

குளிர்நாடுகளில் வைத்தியசாலையோ, பாடசாலையோ, தொழிற்சாலையோ எழுப்புவோர், சுவரையும் கூரையையும் பற்றிச் சிந்திப்பது போலவே கொதிகலனைப் பற்றியும் சிந்திக்கின்றனர். கட்டடம் முழுவதற்கும் வெப்பத்தையும் வெந்நீரையும் வழங்குவது அதுவே. அதனைத் தெரிவு செய்யும் முறையும் பேணும் முறையும் ஒரே நாளில் வகுக்கப்பட்டவையல்ல. பல உயிர்களை இழந்த பின்னரே மனிதன் அவற்றைக் கற்றுக்கொண்டான்.

பிரான்சு தேசத்தவரான பொன்மேன் என்பார், 1777 ஆம் ஆண்டில், கோழி முட்டைகளைப் பொரிக்கச் செய்வதற்காக வெந்நீரைக் குழாய்களிற் செலுத்தினார். நீரின் சூடு மிகுந்தால் அடுப்புக்குச் செல்லும் காற்றைத் தானே குறைக்கும் கருவி ஒன்றையும் அவர் அமைத்தார். 1831 இல் இலண்டன் நகரில் ஏஞ்சியர் மார்ச் பேர்க்கின்ஸ், மூடிய ஒடுங்கிய குழாய்களில் உயர்ந்த அமுக்கத்தில் வெந்நீரை ஓடவிடும் முறைக்கு உரிமம் பெற்றார். பெரிய கட்டடங்களைச் சூடாக்கும் வழி இவ்வாறு விரிவடைந்தது.

ஆயினும், அடைபட்ட நீரின் இயல்பு அஞ்சத்தக்கது. திறந்த பாத்திரத்தில் நீர் 100 பாகை செல்சியசில் கொதித்து ஆவியாகும். மூடிய கலத்திலோ, அமுக்கம் காரணமாக, அதற்கு மேற்பட்ட சூட்டிலும் அது நீராகவே இருக்கும். கலம் பிளந்தால் அந்நீரின் ஒரு பகுதி கணப்பொழுதில் ஆவியாகும். ஆவியாகும் நீர் ஏறத்தாழ 1,600 மடங்கு விரியும். நீராவிக் கொதிகலனாயினும் வெந்நீர்க் கொதிகலனாயினும் ஆபத்தின் வேர் இதுவே.

இவ்வுண்மையை உலகுக்கு உணர்த்திய பெருந்துயரம், அமெரிக்காவின் மசாச்சுசெட்ஸ் மாநிலத்துப் பிறொக்டன் நகரில் நிகழ்ந்தது. 1905 மார்ச் 20 ஆம் திகதி காலை, குறோவர் பாதணித் தொழிற்சாலையில், புதிய கொதிகலன் ஓய்விலிருந்தமையால் பழைய கொதிகலன் இயக்கப்பட்டது. தகடுகள் ஒன்றன்மேல் ஒன்றாகப் பொருந்திய இடத்தில், கண்ணுக்குப் புலப்படாத வெடிப்பொன்று அதில் இருந்தது. கலம் வெடித்து, தளங்களைப் பிளந்து மேலெழுந்தது. நான்கு மாடி மரக்கட்டடம் சரிந்து தீப்பற்றியது. 58 பேர் மாண்டனர். ஏறத்தாழ 150 பேர் காயமுற்றனர்.

அத்துயரின் பின் மசாச்சுசெட்ஸ் மாநிலம் 1907 இல் கொதிகலன்களுக்கெனச் சட்டம் இயற்றியது. அமெரிக்க இயந்திரப் பொறியியலாளர் சங்கத்தின் கொதிகலன் விதிக்கோவை 1915 இல் வெளிவந்தது. தகட்டின் தடிப்பு, இணைப்பின் வலிமை, காப்பு வால்வின் அளவு ஆகியன ஒழுங்குக்குள் வந்தன.

ஆனால் விதி இருந்தால் மட்டும் போதாது. 1982 சனவரி 19 ஆம் திகதி, ஒக்லகோமா மாநிலத்து ஸ்பென்சர் ஊரின் ஆரம்பப் பாடசாலை ஒன்றில், மதிய உணவு வேளையில், சமையலறையின் வெந்நீர்த் தொட்டி வெடித்தது. ஆறு சிறுவரும் ஓர் ஆசிரியையும் உயிரிழந்தனர். சூட்டைக் கட்டுப்படுத்த வேண்டிய கருவிகள் அன்று தம் கடமையைச் செய்யவில்லை.

ஆதலின், கொதிகலன் தெரிவு செய்வோர் விலையையும் எரிபொருட் செலவையும் மட்டும் நோக்குதல் தகாது. ஒன்றை நிறுத்திப் பழுதுபார்க்கும்போது மற்றொன்று பாதுகாப்பாக இயங்குமாறு, ஒரு பெரிய கலத்துக்குப் பதிலாக இரண்டு மூன்று சிறிய கலங்களை நிறுவுதல் நன்று. கலம் உண்டாக்கும் வெப்பம் முழுவதையும் வெளியேற்றவல்ல காப்பு வால்வு வேண்டும். நீர்மட்டம் தாழ்ந்தால் தீயைத் தானே அணைக்கும் கருவி வேண்டும். குறித்த காலந்தோறும் தகுதிவாய்ந்த பரிசோதகரின் கண்ணும் வேண்டும். வால்வு கசிகின்றதென்று அதனை அடைத்துவிடுவது, அபாயமணி ஒலிக்கின்றதென்று அதன் நாவை அறுப்பதற்கு ஒப்பாகும்.

நிலவறையில் எரியும் தீயை மேல்மாடியில் இருப்போர் காண்பதில்லை. அவர்களுக்காக அதனைக் காணும் பொறுப்பு, கொதிகலனைத் தெரிவு செய்வோருக்கும் காப்போருக்கும் உரியது.