ரத்தக் காட்டேரிகளின் சீட்டாட்டம்: ஐந்து பேர் போட்டியில் நியாயம் உண்டா?

சதுரங்கம், டென்னிஸ், குத்துச்சண்டை... போட்டி என்றவுடன் நினைவுக்கு வருபவை பெரும்பாலும் இரண்டு தரப்பு மோதும் ஆட்டங்கள்தான். இதில் ஒரு வசதி உண்டு. எதிராளிக்கு நஷ்டம் என்றால் அது அப்படியே நமக்கு லாபம். வேறு யாருக்கும் போகாது. ஜெயித்தவர் திறமைசாலி என்று சொல்லிவிட்டுப் போய்விடலாம்.

ஐந்து பேர் ஒரே மேசையில் உட்கார்ந்து ஆளுக்கு ஆள் எதிரியாக விளையாடினால்? இருவர் சேர்ந்துகொண்டு மூன்றாமவரை முதலிலேயே வெளியே அனுப்பலாம். நன்றாக ஆடுகிறவர் மீதே எல்லோரும் பாயலாம். எல்லாவற்றையும் விடப் பெரிய சிக்கல் ஒன்று உண்டு. தோற்பது உறுதியான ஒருவர், போகிற போக்கில் தனக்குப் பிடித்தவருக்கு வெற்றியைத் தூக்கிக் கொடுத்துவிடலாம். ஆங்கிலத்தில் இதை 'கிங்மேக்கிங்' என்பார்கள். 'கிங் மேக்கர்' என்பது நம் ஊரில் காமராஜரைப் பாராட்டிச் சொன்ன பட்டம். ஆனால் விளையாட்டு உலகில் அது ஒரு நோயின் பெயர்!

இந்த நோய்க்கு மருந்து தேடிய ஆட்டங்களில் முக்கியமானது, ரத்தக் காட்டேரிகளைக் கருவாகக் கொண்ட ஒரு சீட்டாட்டம். 'வேம்பயர்: தி எடர்னல் ஸ்ட்ரகிள்' என்பது அதன் பெயர். 1994-ல் பிறந்து, இரண்டு முறை பதிப்பாளர்களால் கைவிடப்பட்டு, இன்றும் போட்டிகளில் ஆடப்பட்டு வருகிறது.

கணிதம் படித்தவரின் காட்டேரிகள்

இதை உருவாக்கியவர் ரிச்சர்ட் கார்ஃபீல்ட் என்ற அமெரிக்கர். கணிதத்தில் முனைவர் பட்டம் பெற்றவர். 1993-ல் 'மேஜிக்: தி கேதரிங்' என்ற ஆட்டத்தை இவர் உருவாக்க, 'விசார்ட்ஸ் ஆஃப் தி கோஸ்ட்' நிறுவனம் வெளியிட்டது. சீட்டுகளைக் கொஞ்சம் கொஞ்சமாக வாங்கிச் சேகரித்து, அவற்றிலிருந்து தனக்கான கட்டைத் தானே அமைத்துக்கொண்டு ஆடும் முறை இதிலிருந்துதான் உலகெங்கும் பரவியது. ஆனால் 'மேஜிக்' போட்டிகள் பெரும்பாலும் இருவர் மோதும் போட்டிகளே.

அடுத்து கார்ஃபீல்ட் பலர் சேர்ந்து ஆடுவதற்கென்றே ஓர் ஆட்டம் செய்தார். அதற்கான கதைக்களம் வேறொரு நிறுவனத்திடமிருந்து வந்தது. 1991-ல் 'வைட் வுல்ஃப்' வெளியிட்ட 'வேம்பயர்: தி மாஸ்கரேட்' என்ற கதாபாத்திர விளையாட்டு அது. அந்தக் கதையில் காட்டேரிகள் எல்லாம் விவிலியத்தில் வரும் காயீனின் வழித்தோன்றல்கள். மனிதர்களுக்குத் தெரியாமல் நகரங்களில் ஒளிந்து வாழ்கிறார்கள். அவர்களில் மிக மூத்தவர்கள் நேரில் மோதுவதில்லை. இளைய காட்டேரிகளைப் பொம்மைகளாக ஆட்டிவைத்து, தலைமுறை தலைமுறையாக மறைமுகப் போர் நடத்துகிறார்கள்.

இந்த மூத்தவர்களில் ஒருவராகத்தான் ஒவ்வொரு ஆட்டக்காரரும் உட்காருகிறார். அவருக்கு 'மெதுசேலா' என்று பெயர். 969 வருடம் வாழ்ந்ததாக விவிலியம் சொல்லும் மெத்தூசலாவின் பெயர்தான் அது.

1994-ல் வெளிவந்தபோது ஆட்டத்தின் பெயர் 'ஜிஹாத்', எழுத்தைக் கொஞ்சம் மாற்றி எழுதியது. ஒரு மதத்தின் முக்கியமான சொல்லைக் காட்டேரி ஆட்டத்துக்கு வைத்திருப்பது சரியில்லை என்பதால் 1995-ல் இப்போதைய பெயருக்கு மாற்றினார்கள். சீட்டின் பின்பக்கமும் மாறியது. பழைய சீட்டையும் புதிய சீட்டையும் ஒரே கட்டில் கலந்தால் முதுகைப் பார்த்தே அடையாளம் தெரிந்துவிடும் அல்லவா? அதனால் பின்பக்கம் தெரியாத உறைகளில் போட்டு ஆடுகிறார்கள்.

உயிரைக் கொடுத்துத்தான் ஆள் சேர்க்க வேண்டும்

ஒவ்வொருவரிடமும் இரண்டு கட்டுகள் இருக்கும். ஒன்று காட்டேரிகளின் கட்டு, குறைந்தது 12 சீட்டு. மற்றது அவர்கள் பயன்படுத்தும் ஆயுதம், தந்திரம், அரசியல் எல்லாம் அடங்கிய கட்டு. போட்டிகளில் இது 60 முதல் 90 சீட்டு வரை இருக்கலாம். கையில் எப்போதும் ஏழு சீட்டு.

ஆரம்பத்தில் ஒவ்வொருவருக்கும் 30 புள்ளி இருப்பு. இது தீர்ந்தால் ஆட்டத்தை விட்டு வெளியேற வேண்டியதுதான். ஆனால் ஒரு காட்டேரியைக் களத்தில் இறக்க வேண்டுமானால் அதே இருப்பிலிருந்துதான் செலவழிக்க வேண்டும். 8 புள்ளி வலிமையுள்ள காட்டேரிக்கு 8 புள்ளி செலவு. அதாவது படை திரட்டுவதும் சாவை நெருங்குவதும் ஒரே செயல். பெரிய படை வைத்திருப்பவர்தான் பெரும்பாலும் பலவீனமானவர்!

ஒருவர் முதலில் ஆடுவதால் வரும் அனுகூலத்தையும் யோசித்திருக்கிறார்கள். வழக்கமாக ஒரு முறைக்கு 4 புள்ளி வரை காட்டேரிகளுக்கு மாற்றலாம். ஆனால் முதல் சுற்றில் முதலாமவருக்கு 1, இரண்டாமவருக்கு 2, மூன்றாமவருக்கு 3, அதற்கு மேல் இருப்பவர்களுக்கு 4.

இடது பக்கம் இரை, வலது பக்கம் வேட்டைக்காரர்

கார்ஃபீல்ட் கண்டுபிடித்த மருந்து மிக எளிமையானது. இடது பக்கம் இருப்பவர் உங்கள் இரை. வலது பக்கம் இருப்பவருக்கு நீங்கள் இரை. உங்கள் காட்டேரிகள் இரையின் இருப்பை உறிஞ்ச வேண்டும். இரை வெளியேறினால் உங்களுக்கு ஒரு வெற்றிப் புள்ளியும் 6 புள்ளி இருப்பும் கிடைக்கும். அதற்கு அடுத்து இருப்பவர் உங்கள் புதிய இரை ஆகிவிடுவார்.

இதில் கவனிக்க வேண்டியது ஒன்று இருக்கிறது. ஒருவரை யார் வீழ்த்தினாலும் சரி, பரிசு அவருடைய வேட்டைக்காரருக்குத்தான் போகும். கோபத்தில் எதிர்வரிசைக்காரரைக் காலி செய்தால் அதன் பலன் அவருக்கு வலப்பக்கம் இருப்பவருக்கு. 'யார் மேலே வேண்டுமானாலும் பாயலாம்' என்ற பிரச்சினை இதில் பாதி தீர்ந்துவிடுகிறது. பாயலாம்தான், ஆனால் லாபம் இல்லை.

ஐந்து பேர் மேசையை எடுத்துக்கொள்வோம். கணக்குப் பாடம் போல அ, ஆ, இ, ஈ, உ என்று வரிசை. ஒவ்வொருவரும் அடுத்தவரை வேட்டையாடுகிறார்கள். கடைசி 'உ' வேட்டையாடுவது 'அ'வை. இப்போது 'அ'வின் நண்பர் யார்? 'உ'வைத் தாக்கும் 'ஈ'தான். எதிரியின் எதிரி நண்பன். அண்டை நாட்டான் பகைவன், அவனுக்கு அப்பால் இருப்பவன் நண்பன் என்று அர்த்தசாஸ்திரம் சொல்லும் மண்டலக் கோட்பாடு அப்படியே சீட்டு மேசையில் நடக்கிறது.

ஆனால் அந்த நட்புக்கு எல்லை உண்டு. 'ஈ' ரொம்பப் பலமாகி 'உ'வை வெளியேற்றிவிட்டால், கூடுதலாக 6 புள்ளியோடு அவரே 'அ'வின் புதிய வேட்டைக்காரர் ஆகிவிடுவார். ஆகவே 'அ'வுக்கு வேண்டியது, 'ஈ' தாக்கிக்கொண்டே இருக்க வேண்டும், ஆனால் ஜெயித்துவிடக் கூடாது! நண்பனுக்கு எவ்வளவு உதவுவது, எப்போது நிறுத்துவது என்ற கணக்குதான் இந்த ஆட்டத்தின் உயிர்.

'டிஃப்ளெக்‌ஷன்' என்ற சீட்டு இதற்கு நல்ல உதாரணம். 'உ'வின் காட்டேரி 6 புள்ளி உறிஞ்ச வருகிறது. 'அ' இந்தச் சீட்டைப் போட்டு அந்தத் தாக்குதலைத் தன் இரையான 'ஆ' பக்கம் திருப்பிவிடுகிறார். 'ஆ'வின் இருப்பு 6 குறைகிறது. அதில் 'ஆ' வெளியேறினால் வெற்றிப் புள்ளி 'அ'வுக்கு. அடித்தவர் ஒருவர், அறுவடை செய்தவர் இன்னொருவர். எனவே பெரிய அடி அடிப்பதற்கு முன்னால் யோசிக்க வேண்டியிருக்கிறது.

இன்னொரு வேடிக்கையான விதியும் உண்டு. பெயருள்ள காட்டேரி ஒவ்வொருவரும் உலகத்தில் ஒரே ஒருவர்தான். இரண்டு பேர் ஒரே காட்டேரியை இறக்கிவிட்டால்? யாராலும் அவரைப் பயன்படுத்த முடியாது. விட்டுக்கொடுக்கும் வரை இருவரும் முறைக்கு ஒரு புள்ளி கட்டிக்கொண்டே இருக்க வேண்டும். மற்ற மூவர் சிரித்துக்கொண்டே பார்ப்பார்கள். ஊர் இரண்டுபட்டால் கூத்தாடிக்குக் கொண்டாட்டம்!

போட்டி என்று வரும்போது

நண்பர்கள் வீட்டில் உட்கார்ந்து ஆடும்போது இவ்வளவு போதும். ஆனால் முன்பின் தெரியாதவர்கள் கூடும் போட்டியில் வேறு கேள்விகள் வரும். இந்த ஆட்டத்தில் பேரம் பேசலாம். 'இந்த முறை என்னை விட்டுவிடு, அடுத்த முறை உனக்கு ஓட்டுப் போடுகிறேன்' என்று எல்லோர் முன்னிலையிலும் சொல்லலாம். சொன்ன சொல்லைக் காப்பாற்ற வேண்டும் என்று விதி எதுவும் கட்டாயப்படுத்தாது. அப்படியானால் நண்பர்கள் நான்கு பேர் ஒரே மேசையில் உட்கார்ந்து ஐந்தாமவரை முடித்துவிட மாட்டார்களா?

இதற்காக ஆட்டக்காரர்களின் அமைப்பான 'வி.ஈ.கே.என்.' வகுத்த போட்டி விதிகள் சுவாரசியமானவை.

ஒன்று, வெற்றிக்காகவே ஆட வேண்டும். ஒருவருக்கு மேசையை வெல்லும் வாய்ப்பு இருந்தால் அதற்காக ஆட வேண்டும். அது நடக்காது என்றால், முடிந்த அளவு வெற்றிப் புள்ளிகளைச் சேர்க்க ஆட வேண்டும். நட்புக்காகவோ பழிவாங்கவோ விட்டுக்கொடுப்பது குற்றம். ஆட்டம் தொடங்கும் முன்பே பேசிவைத்துக்கொள்வதும் குற்றம். பேரத்துக்கு இடம் உண்டு, ஆனால் அந்தப் பேரம் பேசுபவரின் வெற்றிக்கு உதவ வேண்டும். கிங்மேக்கிங் நோய்க்கு நேரடியான மருந்து இதுதான்.

இரண்டு, வெறுமனே பிழைத்திருந்தால் போதாது. ஐந்து பேர் மேசையில் நான்கு பேரை வெளியேற்றுவதற்கு நான்கு புள்ளி, கடைசியாக நிற்பவருக்கு ஒன்று, ஆக மொத்தம் ஐந்து. மேசையை வென்றதாகக் கருத, மற்றவர்களை விட அதிகமாகவும் குறைந்தது 2 புள்ளியாகவும் எடுத்திருக்க வேண்டும். நேரம் இரண்டு மணி. நேரம் முடிந்தால் மிச்சமிருக்கும் ஒவ்வொருவருக்கும் அரைப் புள்ளி. ஒருவரை மட்டும் வெளியேற்றிவிட்டு மூலையில் பதுங்கினால் கிடைப்பது ஒன்றரைதான். வெற்றி கிடையாது!

மூன்று, இறுதிச் சுற்று. ஆரம்பச் சுற்றுகளில் முதல் ஐந்து இடம் பிடித்தவர்கள் ஒரே மேசையில் உட்காருவார்கள். யார் பக்கத்தில் யார் என்பதுதான் இங்கே தலைவிதி. அதனால் இடம் பிடிப்பது ஐந்தாம் இடத்தவரில் தொடங்கும். முதல் இடத்தவர் எல்லோரும் உட்கார்ந்த பிறகு, தனக்கு வசதியான இடைவெளியைப் பார்த்து நுழைவார். புள்ளி சமமானாலும் முன்னணியில் வந்தவருக்கே கோப்பை. இதனால் மற்ற நால்வரும் சும்மா இருக்க முடியாது. நேரம் கடந்தால் முதல் இடத்தவர் ஒன்றும் செய்யாமலே ஜெயித்துவிடுவார்.

போட்டி நடத்துபவருக்கும் ஒரு கணக்குத் தலைவலி உண்டு. ஒரு மேசைக்கு நான்கு அல்லது ஐந்து பேர்தான். 8, 9, 10, 12 என்று எந்த எண்ணிக்கை வந்தாலும் பிரித்துவிடலாம். 6, 7, 11 மட்டும் பிரிக்க முடியாது. போட்டுப் பாருங்கள்! அப்படி வந்தால் கூடுதல் சுற்று வைத்து, முறை போட்டுச் சிலரை உட்கார வைக்கிறார்கள்.

இரண்டு முறை செத்துப் பிழைத்த ஆட்டம்

1996-ல் 'சபாட்' என்ற தொகுப்போடு 'விசார்ட்ஸ்' நிறுவனம் ஆட்டத்தைக் கைவிட்டது. நான்கு வருடம் புதிய சீட்டு ஒன்றுகூட வரவில்லை. வேறு ஆட்டமாக இருந்தால் அத்தோடு முடிந்திருக்கும். ஆட்டக்காரர்கள் இருக்கிற சீட்டை வைத்தே போட்டி நடத்தினார்கள், இணையத்தில் விதிகளை விவாதித்தார்கள். 2000-ல் 'வைட் வுல்ஃப்' ஆட்டத்தை எடுத்துக்கொண்டு 'சபாட் வார்' தொகுப்பை வெளியிட்டது.

பத்து வருடம் கழித்து மறுபடியும் அதே கதை. 2006-ல் 'வைட் வுல்ஃப்', ஐஸ்லாந்தின் 'சிசிபி' என்ற கணினி விளையாட்டு நிறுவனத்தோடு இணைந்தது. 2010-ல் சீட்டு வெளியீடு நிறுத்தப்பட்டது. இந்த முறை ஆட்டக்காரர்கள் இன்னும் ஒரு படி மேலே போனார்கள். தாங்களே புதிய சீட்டுகளை வடிவமைத்துச் சோதித்து, வீட்டில் அச்சிட்டுக்கொள்ளும் கோப்புகளாக இலவசமாக வெளியிட்டார்கள். ஊருக்கு ஊர் 'பிரின்ஸ்' என்ற பட்டத்தோடு தன்னார்வலர்கள் போட்டிகளை நடத்தினார்கள். அந்த உழைப்பின் மேல்தான் 2018-ல் 'பிளாக் சான்ட்ரி' என்ற சிறு நிறுவனம் உரிமம் பெற்று வந்தது. 2020-ல் ஐந்தாம் பதிப்பு வெளிவந்தது.

ஏன் இந்த ஆட்டத்துக்கு மட்டும் இப்படி? ஒரு காரணம், பழைய சீட்டு வீணாவதில்லை. தடை செய்யப்பட்ட சில சீட்டுகளைத் தவிர, 1994-ல் வாங்கியதை இன்றும் போட்டியில் பயன்படுத்தலாம். இன்னொரு காரணம் அதைவிட ஆழமானது. இருவர் ஆட்டத்துக்கு ஓர் எதிராளி கிடைத்தால் போதும். இதற்கு நான்கு பேர் வேண்டும். அந்த நான்கு பேரையும் அடுத்த மாதமும் வரவழைக்க வேண்டும். ஏமாற்றியவர், பழிவாங்கியவர், பேச்சைக் காற்றில் விட்டவர் என்று பெயர் எடுத்தால் அடுத்த மேசையில் பேரம் பேச யாரும் வர மாட்டார்கள். துரோகம் பண்ண அனுமதிக்கும் ஆட்டத்தில் நம்பிக்கைதான் விலை உயர்ந்த சரக்கு!

ஐந்து பேர் போட்டியில் நியாயம் உண்டா என்ற கேள்விக்கு, முழுமையாக இல்லை என்பதுதான் நேர்மையான பதில். யார் பக்கத்தில் உட்காருகிறோம் என்பதில் அதிர்ஷ்டம் இருக்கத்தான் செய்கிறது. ஆனால் ஒவ்வொருவருக்கும் ஓர் இலக்கு, ஒவ்வொருவருக்கும் ஓர் ஆபத்து, கடைசி வரை தன் வெற்றிக்காக ஆட வேண்டும் என்ற கடமை... இந்த மூன்றும் இருந்தால் பேரமும் கூட்டணியும் நிறைந்த ஒரு மேசையைக்கூடப் போட்டி என்று அழைக்க முடியும். முதல் பகுதியைக் கார்ஃபீல்ட் தந்தார். மிச்சத்தை, பதிப்பாளர்கள் போன பிறகும் எழுந்து போகாத ஆட்டக்காரர்கள் காப்பாற்றி வைத்திருக்கிறார்கள்.