காலடிக் கணக்கு



காலடியை எண்ணுவது மிகப் பழைய தொழில். அதை எண்ணித் தரும் கருவியோ இன்று பள்ளி மாணவர் கையிலும் இருக்கிறது. மணிக்கட்டில் கட்டும் பட்டையாகவோ, சட்டைப் பையில் கிடக்கும் கைப்பேசியாகவோ அது நம்முடன் நடக்கிறது. மாலையானதும் ஓர் எண்ணைக் காட்டி, இன்று நீ இத்தனை காலடி நடந்தாய் என்று சொல்கிறது. பட்டையை வாங்குவதா, கைப்பேசியே போதுமா என்று மாணவர் பலர் கேட்கக் கேட்டிருக்கிறேன். கடைக்காரர் விலையைச் சொல்வார்; விளம்பரம் அழகைச் சொல்லும். அந்த எண் எவ்வாறு பிறக்கிறது, பிறந்தபின் யாரிடம் போய்ச் சேருகிறது என்பவற்றைச் சொல்லவல்லது வரலாறு ஒன்றே என்பது என் எண்ணம். ஆதலால் அவ்வரலாற்றில் எனக்கு முக்கியமாகத் தோன்றும் சில இடங்களில் நின்று பேச விரும்புகிறேன்.

கி.மு. 4ஆம் நூற்றாண்டில் மாசிடோனிய மன்னன் அலெக்சாந்தர் கிழக்கு நோக்கிப் படையெடுத்து வந்தபோது, அவன் சேனையோடு பெமட்டிஸ்டுகள் என்னும் ஒரு கூட்டத்தாரும் வந்தனர். காலடியை எண்ணித் தொலைவை எழுதிவைப்பதே அவர்தம் வேலை. பேட்டன், டயோக்னீட்டஸ் என்னும் இருவர் பெயரை ரோமானிய நூலாசிரியர் பிளினி நமக்குக் காத்துத் தந்திருக்கிறார். ரோமரோ தம் நீட்டலளவையையே காலடியின்மேல் கட்டினர். மைல் என்னும் சொல், ஆயிரம் எனப் பொருள்படும் இலத்தீன் சொல்லின் வழி வந்தது. இடக்கால் ஒருமுறை, வலக்கால் ஒருமுறை ஆக இரண்டும் சேர்ந்தது அவர்களுக்கு ஒரு பாசுஸ். அத்தகைய ஆயிரம் சேர்ந்தது ஒரு மைல். எண்ணுகிறவனுக்கு மறதி வரும் என்பதும் அவர்கள் அறியாததன்று. கி.மு. முதல் நூற்றாண்டில் வாழ்ந்த விட்ருவியஸ் என்னும் கட்டடக் கலைஞர், வண்டிச் சக்கரத்தோடு பற்சக்கரங்களை இணைத்து, ஒரு மைல் சென்றதும் ஒரு கல் வெண்கலக் கலத்துள் ஒலியெழுப்பி விழும்படியான பொறி ஒன்றை வருணித்திருக்கிறார்.

ஐரோப்பாவில் கடிகாரத் தொழில் செழித்தபின் பெடோமீட்டர் என்னும் காலடியெண்ணி பிறந்தது. அமெரிக்காவின் மூன்றாம் குடியரசுத் தலைவரான தாமஸ் ஜெபர்சன், அப்பதவிக்கு வருமுன் பாரிசில் தூதராக இருந்தார். அங்கே இக்கருவியில் பெருவிருப்பம் கொண்ட அவர், 1788ஆம் ஆண்டில் தம் நண்பர் ஜேம்ஸ் மாடிசனுக்கு ஒன்றை அனுப்பி, அதை அணியும் முறையையும் விளக்கி எழுதினார். அக்காலத்தில் அது செல்வரின் விளையாட்டுப் பொருள். அதைப்பற்றி இதற்குமேல் கூற வேண்டியது அதிகமில்லை.

உயிரைப் பணயம் வைத்துக் காலடியை எண்ணிய ஒருவர் வரலாறு நம் நாட்டிலேயே இருக்கிறது. அதைச் சற்று விரிவாகவே சொல்கிறேன்.

இந்தியாவை அளக்கும் பெரும்பணி நம் சென்னையிலேதான் தொடங்கிற்று. 1802 ஏப்ரலில் வில்லியம் லாம்டன் என்னும் ஆங்கிலேய அதிகாரி, பரங்கிமலைக்கு அருகே ஏழரை மைல் நீளமுள்ள ஒரு கோட்டை எஃகுச் சங்கிலியால் அளந்தார். அக்கோட்டை அடிப்படையாகக் கொண்டு முக்கோணத்தின்மேல் முக்கோணமாக அளந்துகொண்டே சென்ற பணி, அடுத்த அரை நூற்றாண்டுக்குள் இமயத்தின் அடிவாரத்தை எட்டியது. ஆனால் மலைக்கு அப்பால் திபெத்து இருந்தது. அது ஐரோப்பியர்க்குக் கதவடைத்த நாடு. சங்கிலியையும் தியோடலைட்டையும் தூக்கிக்கொண்டு அங்கே நுழைய இயலாது. நில அளவைத் துறையின் காப்டன் மாண்ட்கோமரி இதற்கு ஒரு வழி கண்டார். மலைநாட்டு இந்தியர் வணிகராகவும் யாத்திரிகராகவும் திபெத்துக்குப் போய் வந்தனர் அல்லரோ? அவர்களுள் அறிவும் துணிவும் உடையவரைத் தெரிந்து, அவர் காலையே அளவுகோலாக்கிவிட்டால் என்ன?

அவ்வாறு தெரிந்தெடுக்கப்பட்டவரே நயின் சிங் ராவத். குமாவோன் மலைப்பகுதியில் மிலம் என்னும் சிற்றூரிற் பிறந்தவர், பள்ளி ஆசிரியர். 1863ஆம் ஆண்டில் அவரையும் அவர் உறவினர் மணி சிங்கையும் டேராடூனுக்கு அழைத்துச் சென்று பயிற்சி அளித்தனர். பயிற்சியின் முதற்பாடம் நடை. மேடானாலும், பள்ளமானாலும், பனியானாலும் காலடி ஒரே நீளமாக விழவேண்டும். ஏறக்குறைய 2,000 காலடிக்கு ஒரு மைல் என்பது கணக்கு. குழந்தைப் பருவத்திலேயே கற்று மறந்துபோகும் நடையை ஒருவர் முப்பது வயதுக்குமேல் மீண்டும் கற்பது எத்துணை கடினம் என்று எண்ணிப் பாருங்கள்!

எண்ணும் கருவியாக அவர் கையில் இருந்தது ஒரு ஜெபமாலை. பௌத்தர் ஜெபமாலையில் 108 மணிகள் இருக்கும். நயின் சிங்கின் மாலையில் 100 மணிகளே இருந்தன. நூறு காலடிக்கு ஒரு மணி உருளும். மாலை ஒரு சுற்று வந்தால் 10,000 காலடி, அதாவது ஐந்து மைல். மந்திரச் சுருள் இருக்கவேண்டிய கைச்சக்கரத்துள் வெறுந்தாள் வைத்து, தொலைவையும் திசையையும் அதில் குறித்துக்கொண்டார். எட்டு மணிகள் குறைந்திருப்பதை யாரேனும் எண்ணிப் பார்த்திருந்தால் அவர் கதை முடிந்திருக்கும். வழியில் யாரும் எண்ணவில்லை. ஜெபம் செய்யும் ஒருவரை இடைமறிப்பது அங்கே வழக்கமன்று.

1865ஆம் ஆண்டில் புறப்பட்ட அவர் நேப்பாளம் வழியாகத் திபெத்துக்குள் நுழைந்து, ஷிகாட்சே, ஜியான்சே ஆகிய ஊர்களைக் கடந்து, 1866 ஜனவரியில் லாசா நகரை அடைந்தார். சில மாதம் அங்கே தங்கி, மானசரோவர் வழியாகத் திரும்பினார். நடந்த தொலைவு ஏறக்குறைய 1,200 மைல். எண்ணிய காலடிகள் ஏறக்குறைய 25 இலட்சம். லாசா உலகப்படத்தில் எங்கே இருக்கிறது என்பது அவர் காலாலும், வானத்து மீன்களை அவர் அளந்த அளவாலும் துணியப்பட்டது. அவர் உறவினர் கிஷன் சிங் 1878க்கும் 1882க்கும் இடையில் இதைவிட நெடிய பயணம் செய்தார். வழியில் ஓரிடத்தில் குதிரைமேல் ஏறிச் செல்லவேண்டிய கட்டாயம் வந்தபோது அவர் கணக்கைக் கைவிடவில்லை; குதிரையின் காலடியை எண்ணலானார்!

நயின் சிங்குக்கு 1877இல் லண்டன் அரச புவியியற் கழகத்தின் தங்கப்பதக்கம் கிடைத்தது; இந்திய அரசு 2004இல் அவர் உருவம் பொறித்த அஞ்சல்தலையை வெளியிட்டது. பெருமைக்குரியவரே. ஆயினும் மாணவர்கள் மற்றொன்றையும் மறத்தலாகாது. அந்தக் கணக்கு அவருக்கு உரியதாக இருக்கவில்லை. ஓர் ஏகாதிபத்தியத்தின் அலுவலகத்துக்கே அது சென்றது. 1904ஆம் ஆண்டில் யங்ஹஸ்பெண்ட் தலைமையில் ஆங்கிலப் படை லாசாவுக்குள் புகுந்தது. அது சென்ற வழியிலும் ஜியான்சே இருந்தது.

இனி நம் காலத்துக்கு வருவோம். 1964இல் டோக்கியோவில் ஒலிம்பிக் பந்தயங்கள் நடந்தன. அதற்கு அடுத்த ஆண்டு, யமாசா என்னும் ஜப்பானியக் கடிகார நிறுவனம் இடுப்பில் செருகிக்கொள்ளும் காலடியெண்ணி ஒன்றை விற்பனைக்குக் கொண்டுவந்தது. அதற்கு இட்ட பெயர் மான்போகெய். மான் என்றால் பதினாயிரம். போ என்றால் காலடி. கெய் என்றால் அளவி. நாம் இலட்சத்தை ஓர் அலகாகக் கொள்வதுபோல ஜப்பானியர் பதினாயிரத்தை ஓர் அலகாகக் கொள்வர். ஆதலின் அது அவர்கள் நாவுக்கு இனிய, முழுமையான எண். இன்று உலகெங்கும் கருவிகள் 'நாளொன்றுக்குப் பதினாயிரம்' என்று இலக்கு வைப்பதன் மூலம் இதுவே. அது முதலில் ஒரு சரக்கின் பெயர். மருத்துவர் ஆராய்ந்து வகுத்த எல்லை அன்று. நயின் சிங்கின் மாலை ஒரு சுற்று வந்தால் கிடைக்கும் எண்ணும் இதுவாக இருப்பது ஒரு விந்தையான பொருத்தம்.

ஆராய்ச்சி பிறகுதான் வந்தது. அமெரிக்காவில் சராசரி 72 வயதுடைய 16,741 பெண்களை ஆராய்ந்து 2019இல் வெளியிட்ட முடிவு குறிப்பிடத்தக்கது. நாளொன்றுக்கு 2,700 காலடி நடந்தவரைவிட 4,400 காலடி நடந்தவரிடையே இறப்பு விகிதம் தெளிவாகக் குறைந்திருந்தது. காலடி கூடக்கூட நன்மை கூடிற்று. ஏறக்குறைய 7,500இல் அது சமநிலை அடைந்தது. அவர்கள் முதியோர் என்பதையும், நலமுள்ளவரே மிகுதியாக நடக்கவும் கூடும் என்பதையும் கருத்தில் வைத்தே இதைப் படிக்கவேண்டும். எனினும் பதினாயிரம் எட்டவில்லையே என்று மனம் சோர்பவர்க்கு இது ஆறுதலான செய்தியன்றோ?

பழைய கருவிக்குள் விற்சுருளில் தொங்கும் சிறு நெம்புகோல் ஒன்று இருந்தது. நடக்கும்போது இடுப்பு ஏறி இறங்க, அது ஆடிப் பற்சக்கரத்தைத் தள்ளிற்று. இக்காலக் கருவியில் உள்ள முடுக்கமானியும் அதன் பேரப்பிள்ளையே. சிலிக்கனில் செதுக்கிய, கண்ணுக்குத் தெரியாத ஒரு சிறு திண்மம் மெல்லிய வில்களில் தொங்குகிறது. உடல் அசைந்தால் அது இடம் பெயர்கிறது. அப்பெயர்ச்சி மின்குறியாக மாறுகிறது. அம்மின்குறியின் ஏற்ற இறக்கத்தில் நடைக்குரிய தாளம் இருக்கிறதா என்று கணினி நிரல் தேடுகிறது. 2009இல் பிட்பிட் நிறுவனத்தின் முதற்கருவி வந்தது. 2013 முதல் கைப்பேசிகளே இவ்வேலையைத் தாமாகச் செய்யும் அமைப்போடு வரலாயின.

ஆகவே இரண்டும் காலடியை நேராகக் காண்பதில்லை. அசைவைக் கண்டு ஊகிக்கின்றன. பிழைகள் பிறக்கும் இடம் அதுதான். மணிக்கட்டுப் பட்டை கை வீசுவதை நம்பியிருக்கிறது. தண்ணீர்க் குடத்தை அணைத்துக்கொண்டோ, மிதிவண்டியைத் தள்ளிக்கொண்டோ, மாடிப்படியின் கைப்பிடியைப் பற்றிக்கொண்டோ நடந்தால் அது பல காலடிகளை விட்டுவிடும். உட்கார்ந்தபடியே மேளம் கொட்டினால் சிலவற்றைச் சேர்த்தும்விடும். கைப்பேசியோ உடன் இருந்தால்தான் எண்ணும். மேசைமேல் வைத்துவிட்டுத் திடலில் ஓடினால் அதற்கு அந்த ஓட்டம் நடக்கவே இல்லை. மிக மெல்ல நடக்கும் முதியவரிடம் எல்லாக் கருவிகளுமே சற்றுத் தடுமாறுகின்றன.

கருவி சொல்லும் மற்ற எண்களைப் பற்றியும் ஒரு சொல். 2017இல் ஸ்டான்போர்டு பல்கலைக்கழகத்தார் ஏழு மணிக்கட்டுக் கருவிகளை 60 பேரிடம் சோதித்தனர். நாடித்துடிப்பை அவற்றுள் பெரும்பாலானவை நன்றாகவே கணித்தன. செலவான கலோரியைக் கணிப்பதில் மிகச் சிறந்த கருவிகூட 27 விழுக்காடு பிழைபட்டது. ஆதலால் கலோரிக் கணக்கைக் காட்டி அதிக விலை கேட்டால் நான் கொடுக்கமாட்டேன்.

எதைத் தெரிவது என்று என்னைக் கேட்டால், முதலில் கையில் இருப்பதைச் சோதித்துப் பார்க்கச் சொல்வேன். நயின் சிங்கைப்போல மனத்துக்குள் நூறு காலடி எண்ணி நடந்து, கருவி என்ன காட்டுகிறது என்று பாருங்கள். விரைவாக ஒருமுறை, மெல்ல ஒருமுறை, பையைத் தோளில் சுமந்து ஒருமுறை நடந்து பாருங்கள். ஐந்தாறு காலடி வேறுபட்டால் கவலையில்லை. நாள்தோறும் ஒரே வகையாகப் பிழைபடும் கருவியும் நேற்றையும் இன்றையும் ஒப்பிடப் பயன்படும். கைப்பேசியைக் காற்சட்டைப் பையில் எப்போதும் வைத்திருப்பவர்க்குப் புதிய செலவு வேண்டா. பையே இல்லாத உடையணியும் பெண்கள், பயிற்சி செய்யும் விளையாட்டு வீரர் ஆகியோர்க்குப் பட்டை நன்மை தரும்.

இன்னொன்று மீதமிருக்கிறது. ஸ்ட்ராவா என்னும் நிறுவனம், ஓடுவோரும் நடப்போரும் மிதிவண்டி ஓட்டுவோரும் அனுப்பிய தடங்களைச் சேர்த்து 2017 நவம்பரில் ஓர் உலகப்படம் வெளியிட்டது. ஆளின் பெயர் ஒன்றும் அதில் இல்லை. 2018 ஜனவரியில் ஆஸ்திரேலிய மாணவர் ஒருவர் அதை உற்று நோக்கி, பாலைநிலங்களின் இருளுக்கிடையே சில ஒளிக்கோடுகள் தனித்து ஒளிர்வதைக் கண்டு உலகறியச் செய்தார். அவை படைவீரர் உடற்பயிற்சிக்காக ஓடிய தடங்கள்; மறைவாக இருந்த முகாம்களின் வடிவம் அவற்றால் வெளிப்பட்டுவிட்டது. நயின் சிங் தாம் வரைவது நிலப்படம் என்பதை அறிந்தே நடந்தார். இவ்வீரர்களோ அறியாமலே வரைந்துவிட்டனர். அவர்கள் வரைந்தது முகாமின் படம். நாம் வரைவது வீட்டிலிருந்து கல்லூரிக்கும், கல்லூரியிலிருந்து நண்பர் இல்லத்துக்கும், எந்த நேரத்தில் எந்தத் தெருவில் தனியே நடக்கிறோம் என்பதற்குமான படம். கருவியை வாங்கிய அன்றே அதன் அமைப்புப் பக்கத்தைத் திறந்து, இடம் காட்டும் வசதி காலடி எண்ணுவதற்குத் தேவைதானா என்று பாருங்கள். முடுக்கமானி எண்ணுவதற்கு அது தேவையில்லை.

இடுப்பில் செருகும் எளிய காலடியெண்ணி இன்றும் கடைகளில் கிடைக்கிறது. மெல்ல நடந்தால் சில காலடிகளைத் தவறவிடும், நாடி பார்க்காது, நண்பருக்குச் செய்தி அனுப்பாது. அதற்குக் கடவுச்சொல்லும் வேண்டியதில்லை. நாள் முழுதும் நடந்த எண் அதன் முகப்பிலேயே நிற்கும். இரவில் பொத்தானை அழுத்திச் சுழியாக்கிவிட்டால், அன்று நாம் எவ்வளவு நடந்தோம் என்பது நமக்கு மட்டுமே தெரிந்த செய்தியாகிவிடும்.