இயலாமை ஓய்வூதியம் மறுக்கப்பட்டால் மேல்முறையீடு செய்வது எப்படி? எல்லைப்புற ஊழியர்களுக்கான விளக்கம்

அமரவிளை: உடல்நலக் குறைவால் பணியைத் தொடர இயலாத ஊழியரின் இயலாமை ஓய்வூதிய விண்ணப்பம் நிராகரிக்கப்பட்டால், அது இறுதி முடிவன்று. நிராகரிப்பு ஆணையில் கூறப்பட்ட காரணத்திற்கு நேராகப் பதிலளித்து, உரிய காலக்கெடுவுக்குள், உரிய அமைப்பை அணுகினால் அந்த முடிவை மாற்ற வழி உண்டு. காரணத்தைத் தெளிவாக அறியாமல் அனுப்பப்படும் பொதுவான வேண்டுகோள்களும், காலக்கெடு கடந்த மனுக்களும் பயன் தருவது அரிது.

நெய்யாற்றின்கரைக்கும் பாறசாலைக்கும் இடையே தேசிய நெடுஞ்சாலை 66-இல் அமைந்துள்ள அமரவிளை போன்ற ஊர்களில் இதில் கூடுதல் சிக்கல் ஒன்று உண்டு. 1956 நவம்பர் 1-ஆம் தேதி விளவங்கோடு, கல்குளம், அகஸ்தீஸ்வரம், தோவாளை வட்டங்கள் அன்றைய சென்னை மாநிலத்துடன் இணைந்தன. நெய்யாற்றின்கரை கேரளத்தில் நீடித்தது. களியக்காவிளை எல்லையைக் கடந்து மறுபுறம் பணிபுரிவோர் இன்றும் உள்ளனர். இவர்களுக்கு எந்த விதி பொருந்தும் என்பதை வீட்டு முகவரி தீர்மானிப்பதில்லை. பணியளிப்பவர் யார் என்பதே தீர்மானிக்கிறது.

எந்த விதி யாருக்கு?

மத்திய அரசின் குடிமைப் பணி ஊழியர்களில் பழைய ஓய்வூதியத் திட்டத்தில் உள்ளவர்களுக்கு 2021-ஆம் ஆண்டு மத்திய குடிமைப் பணிகள் (ஓய்வூதியம்) விதிகளின் 39-ஆவது விதி பொருந்தும். அதற்கு முன்பு 1972-ஆம் ஆண்டு விதிகளின் 38-ஆவது விதி நடைமுறையில் இருந்தது. கேரள அரசு ஊழியர்களுக்குக் கேரளப் பணி விதிகளின் மூன்றாம் பகுதியும், தமிழக அரசு ஊழியர்களுக்கு 1978-ஆம் ஆண்டு தமிழ்நாடு ஓய்வூதிய விதிகளும் உள்ளன.

புதிய பங்களிப்பு ஓய்வூதியத் திட்டம் தமிழகத்தில் 2003 ஏப்ரல் 1 முதலும், மத்திய அரசில் 2004 ஜனவரி 1 முதலும், கேரளத்தில் 2013 ஏப்ரல் 1 முதலும் பணியில் சேர்ந்தோருக்கு நடைமுறைக்கு வந்தது. எனவே பணியில் சேர்ந்த தேதியை முதலில் உறுதி செய்து கொள்ள வேண்டும். தேசிய ஓய்வூதியத் திட்டத்தில் உள்ள மத்திய அரசு ஊழியர், இயலாமையால் பணியிலிருந்து விடுவிக்கப்பட நேர்ந்தால் பழைய விதிகளின்படி பலன் பெற விருப்பம் தெரிவிக்கும் வசதி 2021-ஆம் ஆண்டு விதிகளில் உள்ளது.

மறுப்புக்கான காரணங்கள்

நிராகரிப்புகள் பெரும்பாலும் மூன்று காரணங்களில் ஒன்றைச் சார்ந்தவை. முதலாவது, மருத்துவக் குழுவின் கருத்து. மத்திய அரசு விதிகளின்படி, ஊழியர் எவ்வகைப் பணிக்கும் முழுமையாகவும் நிரந்தரமாகவும் தகுதியற்றவர் என்று மருத்துவ அதிகாரி சான்றளிக்க வேண்டும். நோயின் பெயரும் சிகிச்சை விவரமும் மட்டும் கொண்ட சான்று இதற்குப் போதாது. எளிய பணிக்குத் தகுதியுடையவர் என்று மருத்துவக் குழு கூறினால், அத்தகைய பணி, தேவைப்பட்டால் கீழ்நிலைப் பணி, வழங்க இயலுமா என்று துறை பார்க்க வேண்டும். அதற்கும் வழியில்லை என்றால் இயலாமை ஓய்வூதியம் வழங்கலாம் என்கிறது விதி. இந்தப் பரிசீலனையே நடைபெறாமல் விண்ணப்பம் மறுக்கப்பட்டிருந்தால், அது மேல்முறையீட்டுக்கு வலுவான காரணமாகும்.

இரண்டாவது, பணிக்காலம். ஓய்வூதியத்திற்குப் பொதுவாக 10 ஆண்டு தகுதியான பணிக்காலம் தேவை. மத்திய அரசு 2019 ஜனவரி 4-ஆம் தேதி வெளியிட்ட திருத்தத்தின் மூலம், 10 ஆண்டு நிறைவடையாதவர்களுக்கும் இயலாமை ஓய்வூதியம் கிடைக்க வழி செய்தது. இத்தளர்வு மாநில அரசு ஊழியர்களுக்குத் தானாகப் பொருந்தாது. பணிக்காலம் குறைவு எனக் கூறப்பட்டால், பணிப்பதிவேட்டின் நகலைப் பெற்று, எந்தெந்தக் காலம் கணக்கில் விடுபட்டுள்ளது என்பதைத் தேதிவாரியாகக் காட்ட வேண்டும்.

மூன்றாவது, பணியிலிருந்து விலகிய முறை. ஓய்வு பெறுதலும் பணியைத் துறத்தலும் சட்டத்தின் பார்வையில் ஒன்றல்ல. பணியைத் துறப்பவர் பொதுவாகத் தம் முந்தைய பணிக்காலத்தின் பலனை இழக்கிறார். நோயின் வேதனையில் “வேலையை விட்டு விடுகிறேன்” என்று எழுதிக் கொடுக்கும் ஒற்றை வரி, பின்னர் ஓய்வூதியத்தையே தடுத்துவிடக்கூடும்.

வேலையா, ஓய்வூதியமா?

இயலாமை ஓய்வூதியம் மட்டுமே ஊழியருக்குள்ள வழி அன்று. 2017 ஏப்ரல் 19 முதல் நடைமுறையில் உள்ள மாற்றுத்திறனாளிகள் உரிமைகள் சட்டம், 2016-இன் 20(4) பிரிவு, பணிக்காலத்தில் ஊனமுற்ற ஊழியரை அரசு நிறுவனம் பணியிலிருந்து நீக்கவோ பதவி இறக்கவோ கூடாது என்கிறது. பழைய வேலையைச் செய்ய இயலாவிட்டால் அதே ஊதிய விகிதத்தில் வேறு பணியிடத்திற்கு மாற்ற வேண்டும். அதுவும் இயலாவிட்டால், பொருத்தமான பணியிடம் கிடைக்கும் வரை அல்லது ஓய்வு வயது வரை கூடுதல் பணியிடம் ஒன்றில் வைத்திருக்க வேண்டும்.

இதற்கு இணையான 1995-ஆம் ஆண்டுச் சட்டப்பிரிவின் கீழ் உச்ச நீதிமன்றம் வழங்கிய இரு தீர்ப்புகள் இன்றும் வழிகாட்டுகின்றன. குணால் சிங் வழக்கில் (2003), இயலாமை ஓய்வூதியம் கிடைத்துவிட்டது என்பதற்காக, பணியில் தொடரும் உரிமையை மறுக்க முடியாது என்று நீதிமன்றம் கூறியது. பகவான் தாஸ் வழக்கில் (2008), பார்வையிழந்த மின்வாரிய ஊழியர் தம் உரிமையை அறியாமல் ஓய்வு கோரி எழுதிய கடிதத்தை அவருக்கு எதிராகப் பயன்படுத்தியதை நீதிமன்றம் ஏற்கவில்லை.

எனவே ஓய்வூதியம் மறுக்கப்பட்டவர், “பணிக்குத் தகுதியற்றவன் எனில் ஓய்வூதியம் தருக, தகுதியுடையவன் எனில் 20(4) பிரிவின்படி பொருத்தமான பணி தருக” என்று இரு கோரிக்கைகளையும் மாற்றுவழியாக ஒரே மனுவில் முன்வைப்பது நலம். தகுதியற்றவர் என்று பணியும், தகுதியுடையவர் என்று ஓய்வூதியமும் ஒருசேர மறுக்கப்படும் நிலை இதனால் தவிர்க்கப்படும்.

முதல் படி: ஆவணங்கள்

நிராகரிப்பு ஆணையை எழுத்து வடிவில் பெறுவதே முதல் வேலை. வாய்மொழி மறுப்பை எதிர்த்து மேல்முறையீடு செய்வது கடினம். மருத்துவக் குழுவின் முழு அறிக்கை, கோப்புக் குறிப்புகள் ஆகியவற்றைத் தகவல் அறியும் உரிமைச் சட்டம், 2005-இன் கீழ் கோரலாம். 30 நாள்களுக்குள் பதில் அளிக்கப்பட வேண்டும். ஆனால் அப்பதிலுக்காகக் காத்திருந்து மேல்முறையீட்டுக் காலக்கெடுவைத் தவறவிடக் கூடாது. மனுவை உரிய காலத்தில் அளித்துவிட்டு, ஆவணங்களைப் பின்னர் இணைக்க அனுமதி கோரலாம்.

மருத்துவக் கருத்தே தடையாக இருந்தால், சிகிச்சையளித்த சிறப்பு மருத்துவரிடம் புதிய சான்று பெற வேண்டும். ஊழியரின் அன்றாடப் பணிகள் எவை, அவற்றில் எதை ஏன் செய்ய இயலாது, குணமடைய வாய்ப்பு உண்டா என்பவற்றுக்கு அதில் விடை இருக்க வேண்டும். அச்சான்றை இணைத்து, மறு மருத்துவக் குழு முன் பரிசோதனைக்கு உத்தரவிடுமாறு கோரலாம்.

எங்கே மேல்முறையீடு?

ஓய்வூதியம் உள்ளிட்ட பணி நிபந்தனைகளில் பாதகமான ஆணை பெற்ற மத்திய அரசு ஊழியர், 1965-ஆம் ஆண்டு மேல்முறையீட்டு விதிகளின்படி, ஆணையின் நகல் கிடைத்த 45 நாள்களுக்குள் துறை மேல்முறையீடு செய்ய வேண்டும். பின்னர் மத்திய நிர்வாகத் தீர்ப்பாயத்தை அணுகலாம். கேரளத்தில் இதன் அமர்வு எர்ணாகுளத்தில் உள்ளது. ஓய்வு பெற்றவர் தாம் வசிக்கும் பகுதிக்குரிய அமர்விலேயே மனு செய்யலாம்.

கேரள அரசு ஊழியர்களுக்கு 2010-இல் அமைந்த கேரள நிர்வாகத் தீர்ப்பாயம் உண்டு. அதன் முதன்மை அமர்வு திருவனந்தபுரத்தில் செயல்படுகிறது. இவ்விரு தீர்ப்பாயங்களுக்கும் 1985-ஆம் ஆண்டு நிர்வாகத் தீர்ப்பாயங்கள் சட்டமே அடிப்படை. துறைசார்ந்த வழிகளை முதலில் பயன்படுத்தியிருக்க வேண்டும். இறுதி ஆணை வந்த ஓராண்டுக்குள் மனு செய்ய வேண்டும். மேல்முறையீட்டிற்கு 6 மாதம் வரை பதில் இல்லையெனில், அந்த 6 மாதம் முடிந்ததிலிருந்து ஓராண்டு கணக்கிடப்படும். திரும்பத் திரும்ப மனு அனுப்புவதால் இக்காலக்கெடு நீளாது.

தமிழக அரசு ஊழியர்களுக்குத் தற்போது தனி நிர்வாகத் தீர்ப்பாயம் இல்லை. கன்னியாகுமரி மாவட்டத்தில் பணிபுரிந்தவர்கள், 2004 முதல் செயல்படும் சென்னை உயர் நீதிமன்றத்தின் மதுரைக் கிளையில் ரிட் மனு தாக்கல் செய்ய வேண்டும். முன்னாள் படைவீரர்களின் ஓய்வூதிய வழக்குகளை ஆயுதப் படைகள் தீர்ப்பாயம் விசாரிக்கிறது. கேரளத்திற்கான அமர்வு கொச்சியில் உள்ளது.

தனியார் நிறுவனத் தொழிலாளர்கள்

முந்திரி ஆலை உள்ளிட்ட தனியார் நிறுவனங்களின் தொழிலாளர்களுக்கு 1995-ஆம் ஆண்டு தொழிலாளர் ஓய்வூதியத் திட்டத்தின் 15-ஆவது பத்தி பாதுகாப்பளிக்கிறது. நிரந்தரமாகவும் முழுமையாகவும் இயலாமைக்கு ஆளானவர், ஒரு மாதச் சந்தா செலுத்தப்பட்டிருந்தாலே ஓய்வூதியம் கோரலாம். 10 ஆண்டுப் பணி தேவையில்லை. இயலாமை பணியிடத்தில் நேர்ந்திருக்க வேண்டும் என்ற நிபந்தனையும் இல்லை. அப்போது செய்துவந்த வேலைக்கு அவர் தகுதியற்றவரா என்பதையே மருத்துவக் குழு ஆராய வேண்டும். விண்ணப்பம் 10-டி படிவத்தில் அளிக்கப்படுகிறது. மறுக்கப்பட்டால் வருங்கால வைப்பு நிதி அலுவலகத்தின் குறைதீர்ப்பு அமைப்பை முதலில் அணுகலாம். வைப்பு நிதி உறுப்பினர் நுகர்வோரே என்று சிவகுமார் ஜோஷி வழக்கில் உச்ச நீதிமன்றம் கூறியுள்ளதால், இரண்டு ஆண்டுகளுக்குள் நுகர்வோர் ஆணையத்தையும் நாடலாம்.

தமிழில் எழுதலாம், செலவின்றி வழக்காடலாம்

1969-ஆம் ஆண்டு கேரள ஆட்சிமொழிச் சட்டம், மாநிலத்தின் தமிழ்ச் சிறுபான்மையினர் தலைமைச் செயலகத்துடனும் துறைத் தலைவர்களுடனும் தமிழிலேயே கடிதத் தொடர்பு கொள்ள அனுமதிக்கிறது. பதிலும் தமிழில் அளிக்கப்பட வேண்டும். மொழிச் சிறுபான்மைப் பகுதிகளாக அறிவிக்கப்பட்ட இடங்களின் உள்ளூர் அலுவலகங்களுக்கும் இது பொருந்தும். ஆகவே மலையாளத்தில் மனு எழுதத் தெரியவில்லை என்பதற்காகக் காலக்கெடுவை இழக்க வேண்டியதில்லை.

1987-ஆம் ஆண்டு சட்டப் பணிகள் ஆணையச் சட்டத்தின்படி, மாற்றுத்திறனாளிகள் வருமான வரம்பு இன்றி இலவச சட்ட உதவி பெறத் தகுதியுடையவர்கள். வட்ட அளவிலான சட்டப் பணிகள் குழுவை இதற்காக அணுகலாம். செல்லும்போது நிராகரிப்பு ஆணை, அது கையில் கிடைத்த தேதிக்கான சான்று, மருத்துவ அறிக்கைகள், பணிப்பதிவேட்டின் நகல் ஆகிய நான்கையும் உடன் எடுத்துச் செல்ல வேண்டும்.