கம்பி கட்டுற கதை

ஆவடி பக்கத்தில் சேக்காடு. அங்கே ஒரு நண்பர் வீட்டில் உட்கார்ந்திருந்தேன். வாட்டர் ஃபில்டர் விற்க ஒருவர் வந்தார். இரண்டு கண்ணாடி டம்ளர் கேட்டார். ஒன்றில் வீட்டு போர் தண்ணி, இன்னொன்றில் அவர் கொண்டுவந்த ஆர்.ஓ. தண்ணி. இரண்டிலும் கம்பிகளை விட்டு சுவிட்சைத் தட்டினார். கொஞ்ச நேரம்தான்! போர் தண்ணி சாக்கடை மாதிரி பழுப்பாகிவிட்டது. ஆர்.ஓ. தண்ணி பளிங்கு.

‘‘இதைத்தான் மேடம் உங்க குழந்தை குடிக்குது!’’

நண்பரின் மனைவிக்கு முகமே வெளிறிவிட்டது. சரி, அந்தப் பழுப்பு எங்கிருந்து வந்தது? அதைச் சொல்ல, 250 வருஷம் பின்னால் போக வேண்டும்.

1770-களில் லண்டனில் ஹென்றி காவெண்டிஷ் என்றொரு விஞ்ஞானி. மின்சாரத்தை அளக்க அப்போது மீட்டர் ஏது? மனிதர் தன் உடம்பையே மீட்டராக்கினார்! எந்தத் தண்ணீர் வழியே வரும் ‘ஷாக்’ பலமாக அடிக்கிறது என்று ஒப்பிட்டு, மழைநீரைவிடக் கடல்நீர் நூறு மடங்கு நன்றாக மின்சாரத்தைக் கடத்தும் என்றார்.

ஏன் அப்படி? பதில் சொன்னவர் ஸ்வீடன் இளைஞர் ஸ்வாந்தே அரேனியஸ். உப்பு தண்ணீரில் கரைந்தால் பிளஸ், மைனஸ் அயனிகளாகப் பிரிகிறது. மின்சாரத்தைச் சுமப்பவை அவைதான். சர்க்கரை கரையும், ஆனால் அப்படிப் பிரியாது. இந்தச் சிந்தனைக்கு விதை போட்ட 1884 ஆய்வேட்டுக்கு உப்சாலா பேராசிரியர்கள் உதட்டைப் பிதுக்கி, குறைந்த மார்க்தான் போட்டார்கள். 1903-ல் இதற்கே நோபல் பரிசு!

இப்போது சேக்காட்டுக்குத் திரும்புவோம். ஃபில்டர்காரரின் ஆர்.ஓ. டம்ளரில் ஒரு சிட்டிகை உப்பைப் போட்டேன். ‘‘இப்ப சுவிட்சைப் போடுங்க.’’ அதுவும் பழுத்தது! உப்பு இருந்ததால் மின்சாரம் ஓடியது. ஓடியதால் இரும்புக் கம்பி கரைந்து துருவாக மிதந்தது. ஆக, பழுப்பு வந்தது தண்ணீரிலிருந்து அல்ல, கம்பியிலிருந்து!

டி.டி.எஸ். மீட்டரும் மின்சாரம் பாய்வதை வைத்தே கரைந்த உப்பைக் கணிக்கிறது. இந்தியத் தர நிர்ணயப்படி லிட்டருக்கு 500 மில்லிகிராம் வரை நல்லது; வேறு தண்ணீரே இல்லையென்றால் 2,000 வரை பரவாயில்லை. ஆனால் காலராக் கிருமி இருந்தாலும் அந்த மீட்டருக்குத் தெரியாது. எண் குறைந்தால் தண்ணீர் சுத்தம் என்று அர்த்தமில்லை.

உப்பு அதிகமென்றால் தாராளமாக ஆர்.ஓ. வாங்குங்கள். ஆனால், முதலில் தண்ணீரை ஒரு பரிசோதனைக்கூடத்தில் கொடுத்துப் பாருங்கள். கம்பியைப் பார்த்து பயந்து வாங்காதீர்கள்!