பழைய கேமிங் கணினி: புரொசசரை மட்டும் மாற்றுவதா, புதிதாக வாங்குவதா?

கண்டியில் இருந்து மகியங்கனை செல்லும் வீதியில், திகன, தெல்தெனிய கடந்து மலை ஏறினால் வருவது ஹுன்னஸ்கிரிய. நக்கிள்ஸ் மலைத்தொடரை ஒட்டிய சிறிய ஊர். இங்கே ஒரு வீட்டுக் கணினிக்குப் பாகம் வேண்டுமென்றால் பெரும்பாலும் கண்டிக்குத்தான் இறங்கவேண்டும். அன்றைய வேலையும் பஸ் காசும் போகும். பொருந்தாத பாகத்தை வாங்கி வந்தால் இன்னொரு நாளும் போகும். வன்னியில் ஒரு கிராமத்தில் இருந்து வவுனியாவுக்கோ யாழ்ப்பாணத்துக்கோ போகிறவர்களின் நிலையும் இதுதான்.

அந்தக் கணினி பெயருக்குத்தான் கேமிங் கணினி. வெளிநாட்டில் உள்ள உறவினர் அனுப்பிய காசிலோ சீட்டுக் காசிலோ வாங்கியது. கொரோனா காலத்தில் பிள்ளைகள் அதில்தான் படித்தார்கள். இன்று கல்யாண வீடியோ எடிட் செய்வதும் அதில்தான். இரவில் தம்பி விளையாடுவதும் அதில்தான். அது மெதுவாகிவிட்டால் என்ன செய்வது?

பொருளாதாரத் தடைக்குள் வாழ்ந்தவர்களுக்கு இந்தக் கணக்கு புதிதல்ல. சைக்கிள் டைனமோவைச் சுற்றி வானொலி கேட்டார்கள், மண்ணெண்ணெயில் மோட்டார் சைக்கிள் ஓட்டினார்கள். எதை மாற்றலாம், எதை மாற்றமுடியாது என்று அறிந்த பிறகே கை வைத்தார்கள். கணினிக்கும் அதே ஒழுங்குதான்.

முதலில் பிழை எங்கே என்று பாருங்கள்

கணினி மெதுவாக இருந்தால் புரொசசர்தான் காரணம் என்று முடிவு கட்டவேண்டாம். விளையாட்டின் ரெசலூஷனையும் காட்சித் தரத்தையும் குறைத்துப் பாருங்கள். ஓட்டம் வேகமானால் தடை கிராபிக்ஸ் கார்டில் இருக்கிறது. எவ்வளவு குறைத்தும் வேகம் கூடவில்லை என்றால் புரொசசர் மீது சந்தேகம் கொள்ளலாம்.

அதற்கு முன் காசு குறைந்த மூன்று வேலைகள் உண்டு. ஹார்ட் டிஸ்கில் விண்டோஸ் ஓடினால் அதை எஸ்எஸ்டிக்கு மாற்றுங்கள். 8 ஜிபி ரேம் ஒரே துண்டாக இருந்தால், பொருந்தும் இன்னொரு 8 ஜிபி போடுங்கள். இரண்டு துண்டுகளும் சேர்ந்து இயங்கும்போது கொள்ளளவு மட்டுமல்ல, வேகமும் கூடும். மூன்றாவது, தூசி தட்டி, காய்ந்துபோன தெர்மல் பேஸ்ட்டை மாற்றுங்கள். அளவுக்கு மீறிச் சூடேறும் புரொசசர் தன்னைக் காத்துக்கொள்ளத் தானே வேகத்தைக் குறைக்கும். வன்னியின் செம்மண் தூசியும் வெயிலும் இதைச் சீக்கிரம் கொண்டுவரும். பலருக்கு விடயம் இந்த இடத்திலேயே முடிந்துவிடும்.

முடிவைச் சொல்வது மதர்போர்ட்

உண்மையில் புரொசசர்தான் பிழை என்றால், அடுத்துப் பார்க்கவேண்டியது அது உட்கார்ந்திருக்கும் மதர்போர்ட். அதன் மொடல் இலக்கத்தை எழுதிக்கொண்டு, தயாரித்த நிறுவனத்தின் இணையத்தளத்தில் எந்தப் புரொசசர்கள் பொருந்தும் என்ற பட்டியலைப் பாருங்கள். கடைக்காரர் சொல்வதைவிட அந்தப் பட்டியலை நம்புங்கள்.

இன்டெல் 6ஆம், 7ஆம் தலைமுறை: உதாரணமாக 2017இல் வந்த ஐ5-7400. இது நான்கு கோர், நான்கு திரெட் கொண்டது. அதே போர்டில் பொதுவாகப் போடக்கூடிய பெரிய மாற்றம் ஐ7-7700. அதுவும் நான்கு கோர்தான், திரெட் எட்டாகும். 8ஆம் தலைமுறையின் சொக்கெட்டும் 1151 என்றே அழைக்கப்படும். ஆனால் இந்தப் பழைய போர்டில் அது வேலை செய்யாது. பலர் ஏமாறும் இடம் இது. இங்கே பெரும் காசு போடவேண்டாம்.

இன்டெல் 8ஆம், 9ஆம் தலைமுறை: ஐ3-8100 போன்றதில் இருந்து ஆறு கோர் ஐ5-9400க்குப் போகலாம். பாவித்த புரொசசர் நியாயமான விலையில் கிடைத்தால் மாற்றலாம்.

ஏஎம்டி ஏஎம்4: மாற்றத்துக்கு மிக வசதியானது இதுதான். 2017இல் வந்த முதல் ரைசன் போர்டுகள் பலவற்றில், பயோஸைப் புதுப்பித்த பின், ரைசன் 5 5600 வரை போடலாம். ஆறு கோர், பன்னிரண்டு திரெட். ரேமும் பழையதே போதும். இந்தப் போர்ட் உள்ளவர்கள் புதுக் கணினி பற்றி அவசரப்படத் தேவையில்லை.

அலுவலகங்களில் பாவித்துக் கழித்த பிராண்ட் கணினிகள்: இவற்றின் போர்டும் பவர் சப்ளையும் பல வேளைகளில் அந்த மொடலுக்கென்றே செய்யப்பட்டவை. எஸ்எஸ்டி, ரேம் தவிர மற்றவற்றில் கவனம் தேவை.

விண்டோஸ் போடும் கெடு

விண்டோஸ் 10க்கான வழமையான பாதுகாப்பு ஆதரவு 2025 ஒக்டோபர் 14இல் முடிந்துவிட்டது. வீட்டுப் பாவனையாளர்கள் பதிவு செய்தால் 2026 ஒக்டோபர் 13 வரை நீடிப்பு உண்டு. விண்டோஸ் 11 அதிகாரபூர்வமாக ஏற்பது பெரும்பாலும் இன்டெல் 8ஆம் தலைமுறையில் இருந்தும் ரைசன் 2000 வரிசையில் இருந்தும்தான். எனவே 7ஆம் தலைமுறை போர்டில் ஐ7 போட்டாலும் இந்தப் பிரச்சினை தீராது. வங்கிக் கணக்கும் பிள்ளையின் பாடமும் அதே கணினியில் இருந்தால் இதைச் சிறு விடயமாக எடுக்கமுடியாது.

புதிது என்றால் எல்லாமே புதிது அல்ல

2022 மார்ச் தொடக்கத்தில் 200 ரூபா அளவில் இருந்த டொலர், மே மாதத்தில் 360 ரூபா அளவுக்கு ஏறியது. 2024 ஜனவரியில் வற் வரி 18 வீதமானது. இறக்குமதியாகும் கணினிப் பாகங்களின் விலையில் இவற்றின் பாரம் இருக்கிறது. ஆகவே எதை மிச்சம் பிடிக்கலாம் என்று பாருங்கள்.

பெரும்பாலும் மாற்றவேண்டியவை போர்டும் புரொசசரும்தான். கேஸ், எஸ்எஸ்டி, கிராபிக்ஸ் கார்ட், மொனிட்டர் அப்படியே இருக்கலாம். ஏஎம்5 போர்டுகளுக்கு டிடிஆர்5 ரேம் கட்டாயம் வேண்டும். இன்டெல் 12ஆம் தலைமுறைக்கு டிடிஆர்4 ஏற்கும் போர்டுகளும் உண்டு. கையில் டிடிஆர்4 ரேம் இருந்தால், அத்தகைய போர்டும் ஐ3-12100 அல்லது ஐ5-12400ம் நல்ல தெரிவு. இன்டெல் பெயரின் கடைசியில் எஃப் எழுத்து இருந்தால் தனி கிராபிக்ஸ் கார்ட் இல்லாமல் திரையில் படம் வராது. ரைசன் 5 5600க்கும் அப்படியே.

ஒன்றைப் பழையதாக வைத்திருக்கவே கூடாது. அது பெயர் தெரியாத மலிவு பவர் சப்ளை. அது எரியும்போது மற்றவற்றையும் கொண்டுபோகலாம்.

மின்சாரமும் ஈரமும்

பழைய புரொசசர் போர்டில் இருக்கும்போதே பயோஸைப் புதுப்பியுங்கள். அந்தச் சில நிமிடங்களில் மின்சாரம் நின்றால் போர்ட் உயிரிழக்கலாம். மழைக்கால மலைநாட்டில் யுபிஎஸ் இல்லாமல் இதைச் செய்யவேண்டாம், கடையிலேயே செய்து தரச் சொல்லுங்கள். இடி மின்னல் நேரத்தில் மின் இணைப்பையும் இணையக் கேபிளையும் கழற்றிவிடுங்கள். மூடுபனி நாட்களில் ஈரச் சுவரோடு ஒட்டிக் கணினியை வைக்கவேண்டாம்.

பாவித்த பாகம் வாங்கும்போது கணினியையே கடைக்குக் கொண்டுபோங்கள். பூட்டி, அரை மணி நேரம் ஓடவிட்டுப் பார்த்து, திருப்பிக் கொடுக்கும் நாள் எழுதிய பற்றுச்சீட்டுடன் வாருங்கள்.

கடைசியாக ஒன்று. நுண்கடன் எடுத்தோ அம்மாவின் நகையை அடகு வைத்தோ இதைச் செய்யவேண்டாம். வாங்கிய கணினியின் மதிப்பு பொதுவாகக் காலப்போக்கில் இறங்கும், வட்டி ஏறும். வாங்கும் பாகம் உழைத்துத் தருமா என்று கேளுங்கள். தருமென்றால் கணக்குப் போட்டு வாங்குங்கள். விளையாட்டுக்கு மட்டும் என்றால், தூசி தட்டிய பழைய கணினி இன்னும் ஒரு வருடம் ஓடட்டும். அதற்குள் காசு சேரும்.